மலை இல்லாத ஊரின் மலையேற்ற வரலாறு

வெம்பக்கோட்டையில் மலை கிடையாது. கரிசல் காடு உண்டு, வைப்பாறு உண்டு, அணை உண்டு, திரும்பிய பக்கமெல்லாம் பட்டாசு ஆலை உண்டு. மேடு என்று சொல்லிக்கொள்ள விஜயகரிசல்குளத்தில் ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் தொல்லியல் துறை வந்து அதையும் குழி குழியாகத் தோண்டிவிட்டது.

மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீட்டிப் படுத்திருப்பது தெரியும். அதைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிற ஒரே கேள்வி, "அங்கிட்டு மழையா?" என்பதுதான். அங்கே பெய்தால் வைப்பாற்றில் தண்ணீர் வரும், அணை பெருகும். மலையே நம்மைத் தேடி இறங்கி வரும்போது நாம் எதற்கு ஏற வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்தச் சீமையில் கூட்டமாகச் சேர்ந்து மலையில் ஏறிப் பயிற்சி எடுத்தவர்களின் கதை ஆயிரத்து இருநூறு ஆண்டு நீளம். அதை ஒருவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எழுத உட்கார்ந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எந்தக் காலத்துக் குழுவானாலும் நாலு பேர் கட்டாயம் உண்டு. வழி தெரியாத தலைவர் ஒருவர். வீட்டையே மூட்டை கட்டித் தூக்கி வருகிறவர் ஒருவர். மேலே என்ன சாப்பாடு என்று விசாரித்துவிட்டுக் கிளம்புகிறவர் ஒருவர். நாலாவது ஆள் குழுவில் பெயர் கொடுத்திருக்கவே மாட்டார். மற்ற மூவரும் மூச்சு வாங்கி நிற்கையில் பக்கத்தில் பேசாமல் ஏறிப் போய்விடுவார். வரலாற்றில் முதல் ஆளின் பெயர் மட்டும் நிற்கும்.

ஆதியிலிருந்து வருவோம். அகழாய்வுக் குழிகளில் கிடைத்தவற்றைப் பார்த்தால் எங்கள் மூதாதையர் விவரமானவர்கள் என்று தெரிகிறது. சங்கு வளையல்கள், பாசிமணிகள், திமில் உள்ள சுடுமண் காளை, கொஞ்சம் தங்கம், நிறைய வட்டச் சில்லுகள். சங்கு கடலிலிருந்து வந்தது. அதாவது ஆற்றங்கரை வழியாகக் கிழக்கே கடலுக்குப் போக்குவரத்து வைத்திருந்தார்கள். போவது சமதளம், வருவதும் சமதளம், கையில் சரக்கு. மீதி நேரத்தில் சில்லு விளையாடினார்கள். சுடுமண்ணில் செய்த புகைப்பானும் கிடைத்திருக்கிறது. பின்னால் வரப்போகிற தீப்பெட்டித் தொழிலுக்கு அப்போதே வாடிக்கையாளர் தயாராக இருந்தார் என்பது என் ஆராய்ச்சி முடிவு. மலையேற்றத்துக்கான தடயம் ஒன்றுகூட இல்லை.

முதல் பயிற்சிக் குழு தெற்கே, கழுகுமலையில் தோன்றியது. எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே சமணர்கள் ஒரு பள்ளி நடத்தினார்கள். பள்ளி என்றால் கூரை, பெஞ்சு எல்லாம் இல்லை, பாறைதான். தீர்த்தங்கரர் சிற்பங்களை வரிசை வரிசையாகச் செதுக்கி, ஒவ்வொன்றின் கீழும் எந்த ஊர் யார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். குரவர்கள் உண்டு, மாணாக்கர் உண்டு, குரத்தியர் என்று பெண் ஆசிரியர்களும் உண்டு. இத்தனை உறுதியான வருகைப் பதிவேடு தமிழ்நாட்டில் வேறு எந்தக் கல்விக் கூடத்திலும் இல்லை. ஒருவர் வந்தார் என்று கல்லில் வெட்டியாகிவிட்டது. ஆயிரம் வருஷம் கழித்தும் அழிக்க முடியாது.

நம் நாலு பேரில் மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. சமணத் துறவிகள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். ஆசை, மூட்டை, சாப்பாடு மூன்றையும் குறைத்துக்கொண்டு மலை ஏறிய ஒரே குழு அதுதான். அதனாலோ என்னவோ அதற்கு மட்டும் சிரிப்பான வரலாறு இல்லை. அதே மலையில் ஒற்றைப் பாறையை மேலிருந்து குடைந்து பாண்டியர் காலத்தில் வெட்டுவான் கோயில் எழுப்பத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்கள். மலையில் தொடங்கிய வேலையைப் பாதியில் விடும் மரபு அங்கிருந்துதான் எங்கள் பக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த குழு பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தது. 1755-ல் கர்னல் ஹெரான் என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி, ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானையும் கூட்டிக்கொண்டு மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வரி வசூலிக்கக் கிளம்பினார். நெல்கட்டும்செவலில் பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டார். இவரிடம் கோட்டைச் சுவரை உடைக்கிற பீரங்கி இல்லை என்பது பூலித்தேவருக்குத் தெரியும். ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற படை, நவாபின் முத்திரை, கும்பினியின் கொடி எல்லாம் இருந்தும், எடுத்து வர வேண்டிய சாமானை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

எடுத்து வரக் கூடாததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மதுரை அருகே திருமோகூர்க் கோயிலின் விக்கிரகங்களை மூட்டையில் கட்டினார் ஹெரான். 5,000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம். யாரும் கொடுக்கவில்லை. ஒட்டகம், மாடு, வண்டி, சாமி என்று சகலத்தோடும் நத்தம் கணவாய்க்குள் நுழைந்தபோது கள்ளர்கள் இரு பக்கமும் காட்டிலிருந்து இறங்கினார்கள். "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டே வந்து விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மலைக்குப் போகும்போது சுமையைக் குறை என்று இன்றைக்குப் பயிற்சியாளர்கள் சொல்கிற பாடம் ஹெரானுக்கு அன்றைக்கே நடத்தப்பட்டது. சென்னைக்குத் திரும்பியதும் கும்பினி அவரை ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையை விட்டு அனுப்பியது.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1783-ல், கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் வந்தார். வயது இருபத்தொன்பது. சில வருஷம் முன்புவரை பாரிஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் செயலாளர் உத்தியோகம் பார்த்தவர். போர்க்களத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு ரெஜிமென்ட்டைத் திரட்டி அதற்குக் கர்னலும் ஆகிவிட்டார். ஒரு குமாஸ்தாவைக் கர்னலாக்கிவிட்டார்களே என்று ஷெல்பர்ன் பிரபு கிண்டல் செய்தார். ரோஷம் வந்த ஃபுல்லர்ட்டன் 1780-ல் லண்டன் ஹைட் பார்க்கில் பிரபுவைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து, இடுப்புக்குக் கீழே சுட்டுக் காயப்படுத்தினார். இந்தியாவுக்கு வருவதற்குமுன் அவர் எடுத்துக்கொண்ட போர்ப் பயிற்சி ஏறக்குறைய அவ்வளவுதான்.

பாஞ்சாலங்குறிச்சியை முடித்துவிட்டு ஃபுல்லர்ட்டன் சிவகிரிக்கு வந்தார். வெம்பக்கோட்டைக்கு மேற்கே, மலையை ஒட்டிய பாளையம் அது. சிவகிரிப் பாளையக்காரர் ஊரைவிட்டு மலையடிவாரக் கோம்பைப் பள்ளத்தாக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு முன்னால் நாலு மைல் ஆழத்துக்குக் காடு. மற்ற பாளையக்காரர்களும் சேர, எட்டு ஒன்பதாயிரம் பேர் திரண்டு நின்றார்கள் என்று ஃபுல்லர்ட்டனே பின்னால் 1787-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கர்னல் காட்டை வெட்டி வழி உண்டாக்கச் சொன்னார். வெட்டினார்கள், மூன்று மைல் வெட்டினார்கள். அதற்குமேல் முள்ளும் மூங்கிலும் விடவில்லை. கடைசியில் யாராலும் ஏற முடியாது என்று பெயர் வாங்கிய ஒரு மலைமேல் ஒரு பிரிவை ஏற்றி, பின்பக்கமாக இறக்கித்தான் கோம்பைக்குள் போனார்கள்.

போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. இவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இன்னும் மேலே போய்விட்டார்கள். கும்பினிக்கு அது வெற்றி. சமாதானம் பேசி, அபராதம் வாங்கி, கணக்கிலும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்களைத் தள்ளிவிட்டு வெறும் மலையேற்றக் கணக்கை மட்டும் பார்த்தால், யாருக்கு மலை தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஃபுல்லர்ட்டன் புத்தகம் எழுதினார். மலைமேல் ஓடியவர்களுக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் எங்கள் பகுதியின் புகழ்பெற்ற பயிற்சிப் பயணம் ரயிலில் நடந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், சில மாதம் இருந்து தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பயிற்சி முழு வெற்றி. மழை இல்லாத, வெயில் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற ஊருக்கு அந்த வெயிலே மூலதனம் ஆனது. மேடு ஏறாத பயிற்சிதான் நமக்கு ராசி என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. நாங்கள் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் சதுரகிரிக்குக் கிளம்பினோம்.

சதுரகிரியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போனால் அடிவாரம். அங்கிருந்து நாலைந்து மணி நேரம் ஏறினால் சுந்தர மகாலிங்கம். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பச்சைமால் என்ற இடையர் வளர்த்த பசு, தினமும் ஒரு சாமியாருக்குப் பால் சுரந்து கொடுத்ததாம். பால் திருடுகிறான் என்று கோபத்தில் பச்சைமால் கம்பால் போட்ட அடிதான் அந்தச் சாய்வுக்குக் காரணம் என்பது கதை. உதையும் வாங்கிக்கொண்டு, அடித்தவனுக்கே அருளும் கொடுத்த சாமி. இது தவிர, உலோகத்தைத் தங்கமாக்கும் தைலக் கிணறு ஒன்றைச் சித்தர்கள் மூடிவைத்து, கருப்பசாமியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் பக்திக்காக வந்தவர்கள் பாதி. கருப்பசாமி அசந்த நேரம் பார்க்க வந்தவர்கள் பாதி.

ஒரு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் தலைவரைத் தூக்கிக்கொண்டு இறங்க நேர்ந்ததால், மறு வருஷம் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் போவது என்று டீக்கடையில் தீர்மானம் ஆயிற்று. தலைவர் பழைய ஆள்தான்: மளிகைக்கடை அண்ணாச்சி. தூக்கிக்கொண்டு வரப்பட்ட அனுபவம் அவருக்கு மட்டும்தான் இருந்தது என்பதால் போட்டி இல்லை. கழுத்தில் விசில், கையில் நோட்டு. நோட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பார். கழுகுமலைச் சமணருக்கு அடுத்தபடி பதிவேடு வைத்த மலையேற்றக் குழு எங்களுடையதுதான்.

மலை இல்லாத ஊரில் எங்கே பயிற்சி எடுப்பது? அணைக்கரைதான். விடியற்காலை கரைமேல் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை நடப்பது என்று ஏற்பாடு. போகும்போது ஒரு டீ, வரும்போது ஒரு டீ, டீ குடித்த களைப்புக்கு ஒரு டீ. சுமை தூக்கிப் பழக வேண்டும் என்று பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டியில் மணலை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டோம். அண்ணாச்சியின் பெட்டி மட்டும் காற்றில் ஆடியது. திறந்து பார்த்தால் காலி. "தலைவருக்கு யோசனைதான்டா சுமை" என்றார்.

படி ஏறிப் பழக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போனோம். சீனிவாசப் பெருமாள் இருக்கிற சின்ன மலை. தென் திருப்பதி என்பார்கள். போனது புரட்டாசி சனிக்கிழமை. ஒரு படி ஏறினால் அடுத்த படிக்குக் கால் மணி நேரம். வரிசையில் நிற்பதற்கு அருமையான பயிற்சி கிடைத்தது, ஏறுவதற்குக் கிடைக்கவில்லை. இறங்கியதும் ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா சாப்பிட்டு, இழந்த சக்தியை வட்டியோடு மீட்டுக்கொண்டோம்.

அடுத்த ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையில் இறங்கியபோது குழுவின் மூட்டைகளை ஹெரான் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். சாத்தூர்ச் சேவு, புளியோதரை, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு தலையணை. இத்தனையும் இருக்க, எல்லாருடைய பேச்சும் மேலே மடத்தில் ஊற்றுகிற கஞ்சியைப் பற்றித்தான். பரோட்டாக் கடை மாப்பிள்ளை அடிவாரத்திலேயே வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு, கஞ்சிக்கு ஊறுகாயா துவையலா என்று எதிரே இறங்கி வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாங்கனி ஓடை தாண்டி வழுக்குப் பாறையில் கதை தொடங்கியது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிற இடம் அது. அண்ணாச்சி புது ரப்பர் செருப்போடு காலை வைத்தார். செருப்பு ஒரு பக்கமும் அண்ணாச்சி இன்னொரு பக்கமும் போனார்கள். விசில் வாயில் இருந்ததால் விழுந்ததைக்கூட அவரே ஊதி அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். அடிவாரத்திலிருந்து மடத்துக்குச் சாமான் சுமக்கிறவர். தலையில் சும்மாடு, அதன்மேல் அரிசி மூட்டை, ஒரு கை மூட்டையில், மறு கையில் தோளளவு கம்பு. முதலில் கம்பை ஊன்றுவார். பிறகு முன்காலை முழுப் பாதமாகப் பதிப்பார். பின்கால் அதற்கு அரையடி முன்னால்தான் வந்து நிற்கும். அத்தனை சின்ன எட்டு. நாங்கள் இரண்டு படி தாவிவிட்டு மூன்று நிமிஷம் உட்காருவோம். அவர் தாவவும் இல்லை, உட்காரவும் இல்லை. எங்களைக் கடக்கும்போது வேகத்தை மாற்றாமலே சொன்னார்: "நின்னா கால் கனத்துரும் அண்ணாச்சி. மெதுவாப் போங்க, நிக்காமப் போங்க. பேச்சைக் குறைங்க."

அணைக்கரையில் மாதக்கணக்கில் கிடைக்காத பாடம் அது. அண்ணாச்சி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதுவதற்காக எல்லாரையும் நிறுத்தினார்.

கோரக்கர் குகை, ரெட்டை லிங்கம், நாவல் ஊத்து, பசுக்கிடை என்று ஒவ்வொரு இடத்திலும் சாமி கும்பிட்டோம். கும்பிடுவதற்கு உட்கார வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்தோம். பசுக்கிடை என்றால் மாடுகள் தங்குகிற இடம். மாடு ஏறி வந்து சாவகாசமாக அசைபோட்ட இடத்தில் பயிற்சி பெற்ற எங்கள் குழு நாக்கு தள்ளி நின்றது. வழியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், வெறுங்காலோடு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எங்களைத் தாண்டினார். "என்ன அய்யா, சோர்ந்துட்டீக?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிலாவடிக் கருப்பைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி முடிந்து, இரண்டாம் பந்தியும் முடியும் தறுவாயில் இருந்தது. கரண்டியும் கையுமாக நின்று பரிமாறிக்கொண்டிருந்தது அந்தப் பெரியம்மா. வந்து, குளித்து, சாமி பார்த்து, சாப்பிட்டு, கை கழுவி, சேவையும் தொடங்கியாகிவிட்டது. மாப்பிள்ளை தட்டை நீட்டினார். கஞ்சிக்குத் துவையல்தான். "பயிற்சிக்குப் போனீகளாமே அய்யா, எங்கிட்டு?" என்று கேட்டபடி பெரியம்மா ஊற்றினார். தலைவர் முதற்கொண்டு ஒருவரும் தலை நிமிரவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. 2015 மே மாதம் மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதை வைத்துச் சிரிக்க ஒன்றுமில்லை. ஓடை என்று நாம் உட்கார்ந்து கால் நனைக்கிற இடம், மேலே மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் ஆறாகிவிடும். அதன்பின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் மட்டும் அனுமதி என்று கட்டுப்பாடு வந்தது. மழை என்றால் அதுவும் கிடையாது என்றிருந்தது. தடுத்து நிறுத்துகிற வனக்காவலரிடம் சண்டை போடுகிறவர்கள் அந்த மே மாதத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்த வனக்காவலருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வேறொரு வழக்கு உண்டு. அடிவாரத்தில் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார்கள். காட்டுத் தீக்குப் பயந்து செய்கிற சரியான வேலை. "எந்த ஊர்?" என்பார் காவலர். "சிவகாசி பக்கம், வெம்பக்கோட்டை" என்பார் அண்ணாச்சி. "அப்படி ஓரமா வாங்க" என்று அவரை மட்டும் இரண்டாம் தடவை சோதிப்பார்கள். நாட்டுக்கே நெருப்பு சப்ளை செய்கிற ஊர்க்காரர், ஒரு குச்சிகூட இல்லாமல் மலை ஏறுகிறார். சித்தர்கள் சொன்ன துறவு இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 2023 மே 23 அன்று ந. முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண். பிறந்தது எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டி. சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். உயரம் 8,848 மீட்டர் சொச்சம். சமணர், கர்னல்கள், அணைக்கரைக் குழு என்று இந்தச் சீமையில் பயிற்சி எடுத்த அத்தனை பேரையும் ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தினாலும் எட்டாது. இந்த வரலாற்றில் முதல்முறையாக நாலாவது ஆளின் பெயர் பேப்பரில் வந்துவிட்டது.

செய்தியை டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நம்ம மாவட்டத்துப் புள்ள!" என்று எல்லாருக்கும் டீ சொன்னார். எவரெஸ்டுக்கு ஏற்றாற்போல் அணைக்கரையில் இன்னொரு சுற்றுக் கூட்டினால் போதும் என்று அடுத்த பயிற்சிக்குத் திட்டமும் போட்டார். பரோட்டாக் கடை மாப்பிள்ளை மட்டும் யோசனையாக இருந்தார்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி," என்றார், "மேலே மடம் இருக்கா?"